இருபது அடியில் ஆறு அடி

கடலூர்,
3.1.2025

சிதம்பரம் சக்கரபாணி டிஜிட்டல்ஸ் உரிமையாளர் அவர்களுக்கு,

ஐயா, உறையின் மேல் 'பெரிய ஆர்டர், மிக அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததால்தான் பிரித்திருப்பீர்கள். ஆர்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. நான்தான், உங்கள் அக்கா மங்கலத்தின் சின்ன மகள் சுவாதி. கிழித்துவிடாதீர்கள் மாமா. ஏற்கெனவே இரண்டு தாளைக் கெடுத்துவிட்டு இது மூன்றாவது.

நான் எழுதுவது தப்பும் ஆகாது. ஆவணியில் சத்யா அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று நீங்கள் சொன்னது என்ன? "இனிமே உங்க வூட்டாளுங்க ஒருத்தருகிட்டயும் பேச மாட்டேன். உங்க வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்." அவ்வளவுதான். அன்றைக்கே எங்கள் நாலு பேர் நம்பரையும் பிளாக் செய்தீர்கள். கடிதம் படிக்க மாட்டேன் என்று நீங்கள் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் பஜ்ஜித் தட்டோடு நின்றேன்.

அடுத்தது வாசப்படி. கல்யாணம் வீட்டிலும் இல்லை, மண்டபத்திலும் இல்லை. பிப்ரவரி 2, ஞாயிறு, காலை ஆறரைக்கு, கெடிலக் கரையில் நம் தென்னந்தோப்பில். தோப்புக்கு வாசப்படி கிடையாது. இன்று சைக்கிளில் போய் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டேன். ஒரு மூங்கில் படல் மட்டும் இருக்கிறது, அதுவும் பாதி சாய்ந்து கிடக்கிறது.

அப்பா ஒரு சட்டம் போட்டிருக்கிறார். "இந்தக் கல்யாணத்துல பிளெக்ஸுன்னு ஒண்ணு என் கண்ணுல படக் கூடாது." அதனால் மேடைக்குப் பின்னால் கட்டும் படுதாவை நாங்களே செய்கிறோம். நடுவில் அக்கா சிக்குக் கோலம் போடுகிறாள். மேலே அம்மாவின் பழைய புடவைகளைக் கொசுவி ஒரு வரிசை. ஓரத்தில் நான் முடையும் குருத்தோலைக் கிளிகள். இதுவரை பதினொரு கிளி ஆகியிருக்கிறது, அதில் நாலு காக்கா மாதிரி இருக்கிறது.

இரண்டு சிக்கல். ஒன்று, வெள்ளைப் படுதாவில் காவி பெயின்ட் போட்டோம். காய்ந்ததும் அப்பளம் மாதிரி உரிந்து விழுந்துவிட்டது. கோலம், அலங்கோலம். இரண்டு, நேற்று இருட்டிய பிறகு சும்மா கட்டிப் பார்த்தோம். காற்று தூக்கி அம்மா மேல் போட்டது. அம்மா அதற்குள்ளிருந்து பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இதற்கெல்லாம் வழி தெரிந்த ஒரே ஆள் சிதம்பரத்தில் இருக்கிறார். அவர் எங்களோடு பேச மாட்டார்.

மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. அதைச் சிக்கல் என்று எழுதக் கை வரவில்லை. முகூர்த்தத்துக்கு முன்னால் தாய்மாமன் வந்து பெண் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும் அல்லவா? அதற்கு அப்பா, அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி பண்ருட்டி மணிவண்ணன் மாமாவைச் சொல்லி வைத்திருக்கிறார். அக்கா கேட்டுவிட்டு, "சக்கரபாணி மாமா கட்டலன்னா என் நெத்தி வெறும் நெத்தியாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். பி.காம் பட்டத்துக்குக்கூட அவள் இவ்வளவு அடம்பிடித்ததில்லை.

பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் இப்படிக் கொஞ்சம்கூட வளையாமல் இருப்பது எப்படி என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கள் வாடிக்கையாளர் அல்லாத வேடிக்கையாளர்,
சுவாதி, பிளஸ் ஒன்

*

சிதம்பரம்,
6.1.2025

சுவாதிக்கு,

தொழில் சம்பந்தமாகக் கேட்டிருப்பதால் பதில். வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

1. எனாமல் பெயின்ட் வாங்கு. முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, பிறகு போடு.

2. காற்றுக்கு, அரை நிலா மாதிரி அங்கங்கே கீறி விட வேண்டும். காற்று அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ரோட்டில் பெரிய பேனர்களில் பார்த்திருப்பாய்.

3. துணியில் போட்ட காவி சாயம் மாதிரி ஊறும். அப்பளம் மாதிரி உரியாது. உரிகிறது என்றால் அது துணியே இல்லை. நீங்கள் வைத்திருப்பது பிளெக்ஸின் முதுகு. உங்கள் அப்பா சட்டம் போட்ட வீட்டில் பிளெக்ஸ் எங்கிருந்து வந்தது? எத்தனைக்கு எத்தனை அடி?

சக்கரபாணி
உரிமையாளர்

*

கடலூர்,
9.1.2025

அன்புள்ள துப்பறியும் மாமாவுக்கு,

மாட்டிக்கொண்டேன். இருபதுக்குப் பத்து. நீங்களே அடித்துக் கொண்டுவந்த நிச்சயதார்த்த பேனர்தான். அன்று அப்பா அதை மோட்டார் கொட்டகை ஓரம் வீசினார். அம்மா யாருக்கும் தெரியாமல் சுருட்டி, கம்பி போட்டுக் கட்டி, தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் வைத்திருந்தாள். "என் தம்பி ரெண்டு நாளு கண்ணு முழிச்சு அடிச்சது, மழையில நனையக் கூடாது" என்றாளாம். கடைகளில் விசாரித்தால் இவ்வளவு பெரிய வெள்ளை வேறு எதிலும் இல்லை. அப்பாவிடம் 'வெள்ளைப் படுதா' என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். பொய் இல்லை, அந்தப் பக்கம் வெள்ளைதான்.

எனாமல் ஒட்டிக்கொண்டது. அக்கா முட்டி போட்டே பாதிக் கோலத்தை முடித்துவிட்டாள். அச்சடித்த பக்கம் தரையைப் பார்த்துக் கிடக்கிறது. எனக்குத் தூக்கம் வராமல் போனதற்கு அதுதான் காரணம்.

அன்றைக்கு நான் பார்த்தது இவ்வளவுதான். நீங்கள் ஒரு ஓரத்தைத் தூணில் கட்டிவிட்டுப் பிரித்துக்கொண்டே போனீர்கள். ஆறு அடி பிரிந்தது. அந்த ஆறு அடியிலும் உங்கள் முகம். மீசை ஒன்றே என் கை நீளம். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா வந்தார்.

"இன்னா மச்சான் இது? நிச்சயம் எம் பொண்ணுக்கா, உனக்கா?"

"மாமா, கொஞ்சம் பொறுங்க, முழுசா பிரிச்சிடறேன்."

"பிரிச்ச வரைக்கும் போதும். சுத்து!"

"மாமா, ஒரு நிமிஷம்..."

"சுத்துன்னு சொல்றேன்ல!"

அப்புறம் நீங்கள் பேசிய அந்த இரண்டு சபதம். அப்புறம் புஷ்பவள்ளி அத்தை சாப்பிடாமல் உங்கள் பின்னாலேயே வண்டியில் ஏறியது. அன்று மிஞ்சிய பாயசத்தை மூன்று நாள் நான்தான் குடித்தேன், அதை விடுங்கள்.

இருபதில் ஆறு போனால் பதினாலு. அந்தப் பதினாலு அடியில் என்னதான் இருந்தது மாமா? அம்மாவுக்கும் தெரியவில்லை. மூலையைத் தூக்கிப் பார்க்கப் போனேன். பெயின்ட் காயவில்லை என்று அக்கா துடைப்பத்தோடு வந்தாள். சொல்லிவிட்டால் நான் நிம்மதியாகக் கெமிஸ்ட்ரி படிப்பேன். (சும்மா சொன்னேன். படிக்க மாட்டேன்.)

அரை நிலாவை எங்கெங்கே கீறுவது என்றும் எழுதுங்கள்.

அன்பு மருமகள்,
பதினாலு அடி ஆர்வத்துடன்,
சுவாதி

*

சிதம்பரம்,
11.1.2025

சுவாதி,

அது உனக்குத் தேவையில்லாத விஷயம். ஆறு அடியைப் பார்த்துவிட்டு இருபது அடிக்கும் தீர்ப்புச் சொன்னவர் உன் அப்பா. பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காததை இப்போது பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கோலத்தைப் போட்டுக் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

நாலு சவுக்குக் கம்பு, ஒவ்வொன்றும் இரண்டு அடி மண்ணுக்குள் போக வேண்டும். கயிறு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. கீழ் ஓரம் தரையைத் தொடக் கூடாது. மணமக்கள் கிழக்குப் பார்த்து உட்காருவார்கள், அதனால் படுதா அவர்களுக்கு மேற்கே வரும். சரியா என்று பார்த்துக்கொள்.

அரை நிலாவை என் முகம் இருக்கும் பக்கத்தில் போடு. எத்தனை வேண்டுமானாலும் போடு, மூக்கிலேயே போடு. மறு ஓரத்தில் கடைசி ஆறு அடியில் மட்டும் கத்தி வைக்காதே.

உன் அம்மாவுக்குப் பொங்கல் சீர் அத்தை கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கரும்பும் மஞ்சள் கொத்தும் பத்திரமாக வந்தால் போதும். இது பேச்சில் சேராது. அக்காவுக்குத் தம்பி செய்வது.

சக்கரபாணி

*

கடலூர்,
18.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தை வந்தார்கள், சீர் வந்தது, கரும்பு இனித்தது. அத்தையிடம் இரண்டு மணி நேரம் துருவினேன். "அந்த மனுஷன் எங்கிட்டயே காட்டல சுவாதி, கம்ப்யூட்டரு முன்னால உக்காந்து தானா சிரிச்சுக்கிட்டு இருந்தாரு" என்றார்கள். மறு ஓரத்தில் கத்தி வைக்காதே என்று ஒருவர் எழுதினால் என்னை மாதிரி ஆள் சும்மா இருப்பாளா?

கத்தி வைக்கவில்லை. கண்ணைத்தான் வைத்தேன். வைக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது, அதுவாகவே வந்தது.

நேற்று மாலை ஐந்து மணிக்கு, கம்பு நடுவதற்கு முன் ஒத்திகைக்காக, அதை இரண்டு தென்னைக்கு நடுவே கட்டினோம். நானும் அக்காவும் கோலம் நேராக இருக்கிறதா என்று எதிரே வந்து நின்றோம். வெயில் படுதாவுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அக்காதான் முதலில் பார்த்தாள். "ஏய், உள்ள யாரோ இருக்காங்கடி."

கோலத்துக்குள்ளிருந்து நீங்கள் வந்தீர்கள். இடம் வலமாக, வலம் இடமாக, மீசையோடு. நடுவில் அக்காவும் மாப்பிள்ளை செந்தமிழ்செல்வனும். மறு ஓரத்தில், உங்கள் முகத்தின் அதே அளவுக்கு, அப்பா. இப்போதைய அப்பா இல்லை, அவர் கல்யாணப் போட்டோவில் இருக்கிற அப்பா. கன்னம் ஒட்டி, தலை நிறைய முடி, மாலை பாரத்தில் கழுத்து குனிந்து. அவர் பக்கத்தில் தொளதொள சட்டையில் ஒரு பையன், அப்பா தோளில் கை போட்டுக்கொண்டு கேமராவை முறைக்கிறான். அந்த முறைப்பை வைத்துத்தான் அது நீங்கள் என்று கண்டுபிடித்தேன். மாப்பிள்ளைத் தோழனாக உட்கார்ந்திருக்கிறீர்கள். மேலே எழுத்தைக் கண்ணாடி வைத்துப் படித்தேன்: 'எங்க மாமா வீட்டுக் கல்யாணம்.'

இதைச் சொல்ல உங்களுக்கு ஐந்து மாதமா மாமா?

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மோட்டார் போட அப்பா தோப்புக்குள் வந்தார். அக்கா என் கையைக் கிள்ளினாள், இன்னும் சிவந்திருக்கிறது. அப்பா எங்களைத் திட்டவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்தார். நின்றார். வெயில் இறங்கி, முதலில் உங்கள் மீசை போய், அப்புறம் அக்கா போய், கடைசியாக அவர் முகமும் மங்கி, வெறும் கோலம் ஆகிற வரைக்கும் அப்படியே நின்றார். பிறகு, "கீழ சுருக்கம் விழுது பாரு, ஒரு கம்பி கோத்து வுடுங்க" என்றார். போய்விட்டார். மோட்டார் போட மறந்துவிட்டார்.

வரவேற்பு கல்யாணத்தன்றே சாயங்காலம் ஐந்து மணிக்கு, அதே இடத்தில். அதாவது காலையில் ஒன்றும் தெரியாது. மாலையில் நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் முகம் வந்துவிடும். முகம் வந்து ஆள் வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் என்ன பதில் சொல்வது என்று நீங்களே எழுதி அனுப்புங்கள், மனப்பாடம் செய்துவிடுகிறேன்.

முகம் திருப்பாத மருமகள்,
சுவாதி

*

சிதம்பரம்,
22.1.2025

அன்புள்ள சுவாதிக்கு,

உன் கடிதம் வந்த அன்று இரண்டு விசிட்டிங் கார்டு ஆர்டரைத் தப்பாக அடித்தேன்.

உங்கப்பா ஒன்றுமே சொல்லவில்லையா? கம்பி கோக்கச் சொன்னதைத் தவிர?

நீ கேட்டதற்குப் பதில். சொல்லலாம் என்று இருமுறை கிளம்பினேன். நெல்லிக்குப்பம் ரோடு வரை வந்துவிட்டுத் திரும்பினேன். சொன்னால் நான் போய் நியாயம் கேட்ட மாதிரி ஆகும். அதோடு இன்னொன்றும் இருக்கிறது, உன்னிடம் சொல்வதில் தப்பில்லை. பேனரைப் பிரிக்க இரண்டு ஓரம் உண்டு. உங்கப்பா முகம் இருக்கும் ஓரத்திலிருந்து பிரித்திருந்தால் சண்டையே வந்திருக்காது. எந்த ஓரம் எது என்று சுருட்டிய எனக்குத் தெரியும். கூடியிருந்த ஜனத்துக்கு என் முகம் முதலில் தெரியட்டும் என்றுதான் அந்தப் பக்கம் பிரித்தேன். அவர் அவசரப்பட்டார். நான் ஆசைப்பட்டேன்.

ஆனாலும் சுவாதி, தாய்மாமனை அழைக்க ஒரு முறை இருக்கிறது. வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் எடுத்துக்கொண்டு பெண்ணின் அப்பா நேரில் வந்து கூப்பிட வேண்டும். பண்ருட்டிக்காரரை அப்படித்தானே கூப்பிட்டிருப்பார்? மருமகள் கடிதத்தில் கூப்பிட்டு வந்தான் என்று நாலு பேர் சொன்னால் அது எனக்கு மட்டும் அவமானம் இல்லை, சத்யாவுக்கும்தான். இதில் நான் வளைய முடியாது. நீ என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

கீழே கோக்கும் கம்பி எட்டு எம்.எம். இருக்கட்டும்.

மாமா
சக்கரபாணி

*

கடலூர்,
26.1.2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பா கண்ணில் படும்படி டி.வி. மேல் இரண்டு நாள் வைத்தேன். அவர் அதன் மேல் மூக்குக்கண்ணாடியை வைத்தார், எடுத்தார், வைத்தார். படித்தாரா என்று கண்டுபிடிக்க மடிப்புக்குள் கிளி முடைந்த ஓலையில் ஒரு துணுக்கை வைத்திருந்தேன். நேற்று துணுக்கைக் காணோம்.

இன்று காலை பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தால், அப்பா வெள்ளை வேட்டியில் மஞ்சள் பையோடு கிளம்புகிறார்.

"எங்க?" என்றாள் அம்மா.

"உரம் வாங்க."

"ஞாயித்துக்கெழம எந்த உரக்கடைங்க தொறந்திருக்கு?"

"பெரிய கடை ஒண்ணு இருக்கு."

"அதுக்கு எதுக்கு இஸ்திரி போட்ட சட்ட?"

"பெரிய கடைன்னு சொல்றேன்ல!"

மூன்று மணிக்குத் திரும்பினார். உரம் இல்லை. சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். மாமா, அடுத்தவர் பையைப் பார்ப்பது தப்புதான், ஆனால் நான் ஏற்கெனவே நிறையத் தப்பு செய்தவள். பையில் ஒரு கவுளி வெற்றிலை, வாடி ஓரம் கறுத்திருக்கிறது. கொட்டைப் பாக்கு. நசுங்கிய இரண்டு பழம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை, மேலே அவர் கையெழுத்தில் 'மச்சான் சக்கரபாணி குடும்பத்தாருக்கு'. சட்டைப் பையில் சிதம்பரம் டிக்கெட், போக ஒன்று, வர ஒன்று.

அந்தப் பத்திரிகையை இந்த உறையிலேயே வைத்து அனுப்பக் கை பரபரத்தது. வைக்கவில்லை. அதை நான் கொடுக்கக் கூடாது என்று எனக்கே தெரிகிறது.

இன்றைக்கு நீங்கள் அவரைப் பார்க்கவில்லையா? பார்த்தும் கதவைத் திறக்கவில்லையா? இதை மட்டும் விளையாட்டாகக் கேட்கவில்லை.

சுவாதி

*

சிதம்பரம்,
28.1.2025

அன்புள்ள சுவாதிக்கு,

நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வீட்டில்தான் இருந்தேன்.

நேற்றுக் காலை ஷட்டரைத் தூக்கும்போது எதிரே புதிதாக டீக்கடை போட்டிருக்கும் பக்கிரி சொன்னார். "உங்களத் தேடி ஒருத்தரு வந்தாரு அண்ணே. வெள்ள வேட்டி. ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உக்காந்து உங்க ஷட்டரயே பாத்துக்கிட்டு இருந்தாரு. மூணு டீ. வூடு அந்தத் தெருவுல நாலாவதுதான், போய்க் கூப்புடுங்கன்னு சொன்னேன். இல்ல, கடையில பாத்துக்கறேன்னுட்டாரு. இன்னிக்குத் தொறக்க மாட்டாருங்கன்னு சொன்னேன். தெரியும்னாரு."

தெரியும் என்றாராம்.

இருபது வருஷமாக என் கடைக்கு வருகிறவருக்கு ஞாயிறு லீவு என்று தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் வந்திருக்கிறார். ஷட்டர் மூடியிருக்கும் நாளாகப் பார்த்து வந்திருக்கிறார். பக்கிரிக்கு இது விளங்கவில்லை, உனக்கும் சிரிப்பு வரும். எனக்கு நன்றாக விளங்குகிறது. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் ஞாயிற்றுக்கிழமைதான் போயிருப்பேன்.

வெற்றிலை வாடினால் வாடட்டும். வெற்றிலையோடு வந்தார், என் கடை வாசலில் உட்கார்ந்தார். அழைத்தாயிற்று. யாராவது கேட்டால் பக்கிரி சாட்சி.

பண்ருட்டி மணிவண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவரும் வரட்டும், முன்வரிசையில் உட்காரட்டும்.

கடையில் விற்கும் பட்டம் எல்லா நெற்றிக்கும் ஒரே அளவு. எனக்குப் பிடிக்காது. நானே வெட்டி, ஜரிகை வைத்துச் செய்கிறேன். சத்யாவின் நெற்றி அளவை உடனே எடுத்து அனுப்பு. இன்ச்சில் வேண்டும். தோராயமாக எழுதாதே.

மாமா
சக்கரபாணி

*

கடலூர்,
30.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

தபால் லேட்டாகும் என்று சிதம்பரம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நெற்றியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஆறே கால் இன்ச். நான் அளந்தபோது ஆறுதான் வந்தது. அப்பா பக்கத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். "டேப்ப இங்க குடு. வெளாட்டுத்தனமா அளந்து அனுப்புனா அவன் நம்மளத்தான் திட்டுவான்" என்று வாங்கி, அக்காவை வெளிச்சத்துக்குத் திருப்பி உட்கார வைத்து, இரண்டு தடவை அளந்தார்.

ஆறே கால்தான்.

சுவாதி